இம்பெல்லருக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

எங்கள் தொழிற்சாலையில் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிற வேலை முதலாளி சபாபதியுடையது. நடந்து முடிந்ததை அளந்து பார்க்கிற வேலை என்னுடையது. வார்த்து வந்த சாமானை அளவுக் கேஜில் வைத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பெட்டி, இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. இப்படியே பழகிவிட்டதால், இன்னும் நடக்காத ஒன்றுக்கு யாராவது கோடு போட்டுக் காட்டினால் எனக்கு எரிச்சல்தான் வரும். என் பெயர் வரலக்ஷ்மி, ஊர் சின்ன காஞ்சிபுரம். எங்கள் தெருவிலேயே உலோகவியல் டிப்ளமா படித்த ஒரே பெண் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அது பெருமையா புலம்பலா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சபாபதி பிள்ளையார்பாளையத்துப் பட்டுக் குடும்பம். அப்பாவுக்குத் தறிகள், பெரிய காஞ்சிபுரத்தில் கடை. இவர் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, தொண்ணூற்றேழில் ஓரிக்கை போகிற சாலையில் ஒரு ஷெட் போட்டு இன்வெஸ்ட்மென்ட் காஸ்டிங் தொடங்கினார். பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. செய்ய வேண்டிய சாமானை முதலில் மெழுகில் செய்வோம். அதன்மேல் மண் கலவையை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைப்போம். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மிஞ்சுகிற கூட்டுக்குள் உருக்கிய எஃகை ஊற்றுவோம். கோயில் சிலைகளை வார்க்கிற அதே வழிதான். நாங்கள் வார்த்தது பம்பு சாமான், வால்வு சாமான். மெழுகில் என்ன இருக்கிறதோ அது அப்படியே எஃகில் வரும். விரல் ரேகை பட்டிருந்தால் ரேகைகூட வரும்.

அந்த வருஷங்களில் நாங்கள் என்னென்னவோ வார்த்தோம். ஆனால் கம்பெனியை நிற்க வைத்தது ஒரே ஒரு சாமான். இத்தாலியில் ஒரு பம்பு கம்பெனிக்குப் போன இம்பெல்லர். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் அது. வளைந்த இதழ்களோடு, பார்க்க அழகாகவே இருக்கும். எங்கள் உலை எரிந்ததில் முக்கால் பங்கு அதற்காகத்தான். அது போனால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதுதான் என்பது வாசலில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் தெரியும்.

அந்த இம்பெல்லரின் முதல் மாதிரிகளை அனுப்பியபோதே விவகாரமும் கூடவே போனது.

எங்கள் மெழுகறை முழுக்க ஏசி. மெழுகு வெயில் தாங்காது, அளவு மாறிவிடும். அதனால் கத்திரி வெயிலிலும் உள்ளே இருக்கிற பெண்கள் தோளில் சால்வை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் தறிக்காரக் குடும்பத்துப் பெண்கள், விரல் நயம் உள்ளவர்கள். அவர்களுக்கு மேஸ்திரி மங்கையர்க்கரசி. சபாபதிக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. அவரைத் தம்பி என்று கூப்பிட்டு அதட்டக்கூடிய ஒரே ஊழியர் அவர்தான்.

மாதிரிகள் வார்த்து, மண் ஓட்டை உடைத்து, சுத்தம் செய்து என் மேஜைக்கு வந்தன. எல்லா அளவும் சரி. முதுகுப் பக்கம், நடுத் துளைக்குப் பக்கத்தில் மட்டும், படத்தில் இல்லாத ஒரு சின்னப் புள்ளி புடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றில் இருந்திருந்தால் தூசி என்று விட்டிருப்பேன். எல்லாவற்றிலும், அதே இடத்தில் இருந்தது. நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மெழுகறைக்குப் போனேன்.

“மங்கையக்கா, இது என்ன?”

“பொட்டு.”

“என்ன பொட்டு?”

“திருஷ்டிப் பொட்டு பாப்பா. மெழுகுல எப்பிடி இருந்திச்சு தெரியுமா அது? பச்சப்பசேல்னு, வளவளன்னு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அதான் கத்திய சுட வெச்சி, முதுகுல ஒரு சொட்டு மெழுகு உட்டேன். மூஞ்சியிலயா வெச்சேன்? முதுகுலதானே?”

குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பதுபோல வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் புது டிசைன் தறியில் ஏறினாலும் ஓரத்தில் ஒரு கறுப்பு இழை விடுவார்களாம். அது அவர்கள் வீட்டு வழக்கம், இருக்கட்டும். இத்தாலிக்காரன் படத்தில் அதற்கு இடமில்லையே. சுழல்கிற சாமானில் ஒரு பக்கம் மட்டும் கனம் கூடக்கூடாது என்று நான் கத்தினேன். அந்தச் சொட்டின் எடையில் எறும்புகூடத் தடுமாறாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கோபத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே.

மறுபடி வார்க்க நாளில்லை. விமானத்தில் இடம் பதிவு செய்தாகிவிட்டது. சபாபதி புள்ளியைத் தடவிப் பார்த்தார். அக்காவைத் திட்ட அவருக்கு வாய் வராது. இத்தாலிக்கு ‘எங்கள் அக்கா கண்ணேறு கழித்தார்’ என்று எழுதவும் வெட்கம்.

“ஃபவுண்டரி மார்க்குன்னு எழுதிடும்மா” என்றார். “எல்லா பெரிய ஃபவுண்டரிக்கும் ஒரு அடையாளம் இருக்குது. நம்மளுக்கு இது.”

அப்படியே எழுதி அனுப்பினோம். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அவர்களுக்கோ அது பிடித்துப்போயிற்று. காரணம் இருந்தது. எந்த உருக்கலில் வார்த்தது என்று நாங்கள் பொறிக்கிற எண், அவர்கள் கடைசலில் விட்டு வழவழப்பாக்குகிற பக்கத்தில் இருந்ததால் அங்கே போனதும் அழிந்துவிடும். புள்ளி இருந்த இடத்தில் கடைசல் படாது. பம்புக்குள் போய் வருஷக்கணக்கில் ஓடினாலும், கழற்றிப் பார்த்தால் இது யார் வார்த்தது என்று தெரியும். நல்ல யோசனை என்று பாராட்டி, படத்தையே திருத்தி அனுப்பினார்கள். முதுகில் ஒரு சின்ன வட்டம், அதற்கு ஒரு அம்புக்குறி, ஃபவுண்டரி மார்க். மங்கையர்க்கரசியின் பொட்டு சட்டமாகிவிட்டது.

படத்தில் வந்துவிட்டால் கையால் வைக்க முடியாது. மெழுகை ஊற்றுகிற அச்சிலேயே அந்தப் புள்ளி இருக்க வேண்டும். அச்சை அம்பத்தூருக்கு அனுப்பி, புள்ளிக்குக் குழி வெட்டி வாங்கி வந்தோம். இனி மெழுகு வரும்போதே பொட்டோடு வரும். தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன்.

ஒழியவில்லை. முதல் பெட்டியிலேயே என் கட்டைவிரல் எதிலோ தட்டியது. அச்சில் வருகிற புள்ளி தட்டையாக, வட்டமாக இருக்க வேண்டும். இதன் தலையில் இன்னொரு சின்னச் சொட்டு, கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மிளகின்மேல் கடுகு ஏறி உட்கார்ந்த மாதிரி.

“அச்சுலதான் பொட்டு வருதே, அப்புறம் எதுக்கு அக்கா?”

“அச்சு வெக்கிறது பொட்டு ஆவுமா? மனசுல நெனச்சிக்கினு வெச்சாதான் பொட்டு. மிஷினு இன்னா நெனைக்கும்?”

சபாபதியிடம் புகார் செய்தேன். அவர் படத்தை விரித்துப் பார்த்தார். இத்தாலிக்காரன் புள்ளியின் அகலத்துக்கு அளவு போட்டிருந்தான், உயரத்துக்குப் போடவில்லை. “உயரம் கேக்கலயேம்மா. உட்டுடு” என்றார். விட்டுவிட்டேன். விட்டேன் என்றால், தினமும் கட்டைவிரலில் அது தட்டும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு வசவு வைதுகொண்டே விட்டேன். மங்கையர்க்கரசி லீவு போட்டால் சங்கீதா என்ற பெண் வைப்பாள். அவளுக்கு அக்கா பயிற்சி வேறு கொடுத்திருந்தார். வருஷக்கணக்கில் பொட்டு இல்லாமல் ஒரு இம்பெல்லர்கூட எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் சபாபதி கிண்டியில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய் வந்தார். வார்ப்புத் தொழிலின் சந்தைப் போக்கும் எதிர்காலமும் என்பது தலைப்பு. டை கட்டிய நிபுணர் ஒருவர் திரையில் கோடு கோடாகக் காட்டினாராம். ஐரோப்பாக் கோடு படுத்திருந்தது. அமெரிக்கக் கோடு நொண்டியடித்தது. ஆசியா என்ற கோடு மட்டும் நெட்டுக்குத்தாக மேலே ஏறி, நுனியில் அம்புக்குறியோடு தாளைவிட்டே வெளியே போய்க்கொண்டிருந்தது. சபாபதி அந்தத் தாளைப் பெரிதாக்கி, மெழுகறைக் கதவில் ஒன்றும் தன் அறையில் ஒன்றும் ஒட்டினார்.

“பாத்தியாம்மா? அங்கெல்லாம் கூலி கட்டுப்படி ஆவல, மூடிக்கினு வரான். வேல எல்லாம் ஆசியாவுக்கு வந்துக்கினே இருக்குது. அஞ்சு வருஷத்துல மூணு பங்கு.”

ஆசியா என்று போட்டிருந்ததை அவர் காஞ்சிபுரம் என்று படித்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் படிப்பார்கள். அளக்க முடியாததைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. மங்கையர்க்கரசிக்குத்தான் உண்டு.

“இவ்ளோ உசரம் போவுதே தம்பி, இதுக்கு யாரு பொட்டு வெச்சது?” என்று அம்பைக் காட்டிக் கேட்டார். சபாபதி சிரித்தார்.

அம்பை நம்பி அவர் பக்கத்து மனையில் இரண்டாவது ஷெட் போட்டார். புது உலைக்கு மேடை கட்டினார். அதே சமயம் இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இம்பெல்லருக்கு இன்னொரு அச்சு வேண்டும், அதே படம், அதே புள்ளி, செலவு அவர்களுடையது. வருங்காலத் தேவைக்காக என்று எழுதியிருந்தார்கள். செய்து முடித்ததும் கப்பலில் தங்களுக்கே அனுப்பிவிட வேண்டும். ஒரே அச்சை நம்பி இருப்பது ஆபத்து, இன்னொன்று தங்கள் கிடங்கில் பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள். சபாபதி கடிதத்தை அம்புத் தாளுக்குப் பக்கத்தில் குத்தி வைத்தார். வருங்காலத் தேவை என்று அவனே சொல்லிவிட்டான், இனி யாருக்கு என்ன சந்தேகம் என்பது போல.

பெட்டியில் ஆணி அடிக்கும்போது மங்கையர்க்கரசி வந்து நின்றார்.

“அச்ச எங்க தம்பி அனுப்புற?”

“இத்தாலிக்குக்கா. அவங்க காசு, அவங்க சொத்து. சேஃப்டிக்கு வெச்சிக்குவாங்க.”

“உங்கப்பா புது பொடவைக்கு அடிச்ச அட்டைய எதிர் வூட்டுக்காரன் கண்ணுலகூட காட்ட மாட்டாரு. கட்டிலுக்குக் கீழ போட்டு, அதுமேல படுத்துத் தூங்குவாரு.”

ஜரிகைப் பூ எங்கே வர வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற துளையிட்ட அட்டையைத்தான் சொன்னார். அந்த அட்டை வெளியே போனால், அடுத்த தெருவில் ஒரு வாரத்தில் அதே புடவை தொங்கும். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

“அது பொடவ அக்கா. இது எக்ஸ்போர்ட்டு” என்றார் சபாபதி.

அடுத்த ஆடியில் இம்பெல்லர் ஆர்டர் கொஞ்சம் குறைந்தது. எனக்குக் கலக்கமாக இருந்தது. சபாபதிக்கு இல்லை. பட்டுக் கடையில் வளர்ந்தவர் ஆயிற்றே. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, புடவை விற்காது, கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார்கள். ஆவணி பிறந்ததும் கூட்டம் கடையை இடித்துக்கொண்டு வரும். இதைப் பார்த்துப் பழகிய கண், இத்தாலிக்காரனின் பம்புக்கும் ஆடி மாசம் உண்டு என்று நம்பியது.

“ஆடிம்மா. எல்லா யாவாரமும் படுக்கும். ஆவணியில எந்திரிக்கும் பாரு.”

ஆவணியில் எழவில்லை. புரட்டாசியில் இன்னும் குறைந்தது. புரட்டாசியிலும் யார் கல்யாணம் வைக்கிறார்கள் என்றார். ஐப்பசியில் மழை, கார்த்திகையில் புயல். மார்கழி வந்தபோது நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார். “மார்கழி. பீட மாசம்.” இரண்டாவது ஷெட்டில் உலை வராத மேடையின்மேல் நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது.

அந்த மார்கழியில்தான் புகார் வந்தது. இத்தாலியில் ஒரு பால் பண்ணையில் பம்பு ஓடிக்கொண்டிருந்தபோதே இம்பெல்லர் பிளந்துவிட்டது. கழற்றிப் பார்த்திருக்கிறார்கள், முதுகில் புள்ளி. ஃபவுண்டரி மார்க், ஆகவே காஞ்சிபுரம். தர நிர்வாகி எழுதியிருந்த கடிதம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் காரணம் தெரிய வேண்டும், இனி நடக்காது என்பதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் உங்களிடம் வாங்குவதையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும். உடைந்த சாமானும் கூரியரில் பின்னாலேயே வந்தது.

சபாபதி கடிதத்தைப் படித்துவிட்டு நேராக உலைக்குப் போனார். உலையைப் பார்த்துக்கொள்கிறவர் பரமசிவம், சாது. எஃகு போதுமான சூடு ஏறாமல் ஊற்றியிருப்பான் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பரமசிவம் மத்தியானம் சாப்பாட்டு மூட்டையைப் பிரிக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் அப்படியே செய்தார்.

நான் பிளந்த இடத்தை அறுத்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மாதிரிப் பொத்தல். எஃகு இறுகும்போது நடுவில் வற்றியிருக்கிறது. தப்பு வார்ப்பில்தான், பம்பில் இல்லை. எங்கள் சாமான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புள்ளிதான் இருக்கிறதே. உலைச் சூட்டைப் பார்த்தேன், எஃகுத் துண்டைச் சோதனைக்கு அனுப்பினேன், மண் ஓட்டின் கனத்தைப் பார்த்தேன். எங்கேயும் தப்பு தட்டுப்படவில்லை. தப்பு கிடைக்காதது எனக்கு நிம்மதி தரவில்லை. கிடைத்தால் திருத்தலாம், ஒரு அறிக்கை எழுதலாம், இம்பெல்லர் தப்பிக்கும். இரண்டு வாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

கெடுவுக்கு முந்தின காலை, உடைந்த பாதியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன். பழக்க தோஷம், கட்டைவிரல் தானாக முதுகுப் பக்கம் போய்ப் புள்ளியைத் தடவியது. தடவி, தாண்டிப் போய்விட்டது. எதுவும் தட்டவில்லை.

திருப்பிப் பார்த்தேன். புள்ளி இருந்தது. தட்டையாக, வட்டமாக, சட்டைப் பொத்தான் மாதிரி. தலையில் கடுகு இல்லை. பச்சைப் பெட்டியிலிருந்து எங்கள் சாமான் பத்துப் பதினைந்தை எடுத்துப் பக்கத்தில் அடுக்கினேன். எல்லாவற்றிலும் கடுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை வருஷமாக அந்தச் சொட்டை வைத வாயால், அன்றைக்குப் பெருமாளே என்றேன்.

மெழுகறைக்கு ஓடினேன்.

“அக்கா, ஒரு நாளாவது பொட்டு வைக்காம விட்டது உண்டா? மறந்துபோய்? சங்கீதா விட்டிருப்பாளோ?”

மங்கையர்க்கரசிக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா பாப்பா இப்பிடி கேட்டுட்ட? நம்மூரு தறியெல்லாம் நிக்கிற அமாவாசை அன்னிக்கும் இங்க வந்து வெச்சிருக்கேன். ஒண்ணு உட மாட்டேன். யாரு சொன்னா?”

உடைந்ததைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, சொட்டு இல்லை என்று பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“அதான் பொளந்துக்கிச்சு! நான் சொல்லல? அச்சு வெக்கிறது பொட்டு ஆவாதுன்னு?”

அவருக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. மற்ற பெண்களிடமும் காட்டுவதற்காகப் பிளந்த இம்பெல்லரை மேஜை மேஜையாக எடுத்துப்போனார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு சபாபதியின் அறைக்குப் போனேன்.

அவர் அம்புத் தாளுக்குக் கீழே உட்கார்ந்து, இத்தாலிக்கு எழுத வேண்டிய மன்னிப்பை யோசித்துக்கொண்டிருந்தார். உடைந்ததையும் எங்கள் சாமான் ஒன்றையும் மேஜையில் வைத்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வொன்றிலும் தேய்க்காத குறையாக விளக்கினேன். முதல் தரம் புரியவில்லை. இரண்டாம் தரம் எழுந்து நின்றுவிட்டார்.

“நம்மது இல்லையா?”

“நம்மளோடது இல்ல சார். சத்தியமா இல்ல.”

“தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சும்மா!” கதவைத் திறந்து, பரமசிவத்தைக் கூப்பிடுங்கடா என்று கத்தினார். மங்கையக்காவுக்கு ஒரு புடவை எடுத்துத் தருவேன் என்றார், நம் கடையிலேயே, நல்ல அரக்கு கலரில். வாய் ஓயாமல் பேசினார். அத்தனை சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான். அறிக்கையை மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். இந்தச் சாமான் எங்களுடையது அல்ல என்பது முதல் வரி. அடுத்த வரி என்ன என்று யோசித்தபோதுதான் அது என் வாயிலிருந்து வந்தது.

“நம்மளோடது இல்லைன்னா, யாரோடது சார்?”

அவர் பேச்சு பாதியில் நின்றது.

அந்தப் புள்ளி எங்கள் அச்சில் இருந்தது. இன்னொரு அச்சிலும் இருந்தது. அதை ஆணி அடித்துக் கப்பலேற்றியது நாங்களேதான். அது இத்தாலிக் கிடங்கில் தூங்கவில்லை. வேறு எங்கோ ஒரு மெழுகறையில், அந்தப் புள்ளி எதற்கு என்றே தெரியாதவர்கள், படத்தில் இருக்கிறது என்பதற்காக அதை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்குகிற இலாகா அச்சை இன்னொருவனிடம் கொடுத்தது தர நிர்வாகிக்குத் தெரிந்திருக்காது. அவன் புள்ளியைப் பார்த்தான், எங்களுக்கு எழுதினான். ஆடியும் புரட்டாசியும் மார்கழியும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. சபாபதி முன்னாலும் வந்திருக்க வேண்டும். மெல்ல உட்கார்ந்தார்.

பரமசிவம் வாசலில் வந்து நின்றார். சபாபதி அவரைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பரமசிவம் தனக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே போய், உங்கள் மேல் தப்பு ஒன்றும் இல்லை, போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது சபாபதி உடைந்த இம்பெல்லரை மடியில் வைத்திருந்தார்.

“நம்மதுன்னே எழுதிடேம்மா” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்ன சார் பேசறேள்? செய்யாத தப்பை எதுக்கு ஒத்துக்கணும்? பரமசிவம் பட்டினி கிடந்தது போதாதா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “குத்தம் நம்மதுன்னா திருத்திக்கலாம்மா. அடுத்த வாட்டி ஒழுங்கா பண்றேன்னு கால்ல உழலாம். நம்மது இல்லன்னா இன்னா பண்றது?”

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் பொய்யை என் கையெழுத்தில் எழுத எனக்கு மனசில்லை. அதையும் சொன்னேன். அவர் சரி என்பதுபோலத் தலையை அசைத்தார். அறிக்கையை நான் எழுதினேன். இரண்டு புள்ளிகளையும் பெரிதாகப் படம் பிடித்துச் சேர்த்தேன். சொட்டு எதற்கு என்ற இடத்தில் ‘எங்கள் மெழுகறையின் கூடுதல் அடையாளம்’ என்று போட்டேன். திருஷ்டி என்பதை இங்கிலீஷில் எழுத எனக்கும் வெட்கம்தான்.

பதில் பொங்கல் கழித்து வந்தது. மிக மரியாதையான பதில். எங்கள் ஆராய்ச்சி மிகத் துல்லியம், புகாரை முழுமையாக விலக்கிக்கொள்கிறார்கள், ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம். வேறு ஒரு வார்ப்பாளரிடம் இருந்த குறை கண்டறியப்பட்டது, எங்கள் அறிக்கையின் உதவியோடு அவர்கள் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த வார்ப்பாளர் யார், எந்த ஊர் என்று இல்லை. சைனாவாக இருக்கலாம், துருக்கியாக இருக்கலாம். எப்படியும் ஆசியாதான். நிபுணர் பொய் சொல்லவில்லை.

கடிதத்தோடு அடுத்த மூன்று மாதத்து ஆர்டரும் இருந்தது. போன தடவையில் பாதி. கிடங்கில் சரக்கு கலந்துபோகாமல் இருக்க, இனி எங்கள் சாமானில் அந்தக் கூடுதல் சொட்டைக் கட்டாயம் வைக்க வேண்டும் என்று படத்தையும் திருத்தியிருந்தார்கள். மங்கையர்க்கரசி அதைக் கேட்டு, “இப்பவாவது புத்தி வந்துச்சே அவனுக்கு” என்றார். அரக்குப் புடவையில் வந்திருந்தார். சபாபதி சொன்ன சொல் தவறாதவர்.

நான் ஆர்டரை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். பெரிய காஞ்சிபுரத்துக் கடையில் அன்று முகூர்த்தக் கூட்டம், உதவிக்கு வரச் சொல்லி அவருடைய அப்பா காலையிலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். போன் மறுபடியும் அடித்தது, அவர் எடுக்கவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாததால், அவர் சொல்வதையே எடுத்துச் சொன்னேன்.

“எல்லா வியாபாரமும் நடுவுல படுக்கறதுதானே சார். மாசம் அப்படி.”

சபாபதி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

“தை மாசம்மா இது” என்றார்.